தெற்கு எல்லைக் கொடுக்காப்புளி

பரவையில் எங்கள் வீட்டின் தெற்கு எல்லையில் ஒரு கொடுக்காப்புளி மரம் இருக்கிறது. பத்திரத்தில் இருக்கிறது. நேரில் வந்து பார்ப்பவர்களுக்கு அந்த இடத்தில் ஒரு காம்பவுண்டுச் சுவரும், சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ வாங்கிப் போட்டுவிட்டு மறந்துபோன காலி மனையும்தான் தெரியும். ஆனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பின்வாசல் படியில் உட்கார்ந்து கண்ணைப் பாதி மூடினால் சுவரின் மேல் நிழல் அசைவது எனக்குத் தெரியும். எனக்குப் பைத்தியம் எதுவும் இல்லை. நான் கணக்கு டீச்சர். இல்லாததை இருப்பதாக வைத்துக்கொள்வோம் என்று சொல்லித்தான் வருஷக்கணக்காகப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரருக்குக் கரண்ட் ஆபீசில் வேலை. கம்பம் ஏறுகிறவராகச் சேர்ந்து லைன் இன்ஸ்பெக்டராக உயர்ந்தவர். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, கை நீட்டியதும் கிடையாது. இந்த மூன்றும் இல்லாத மனிதரைக் கட்டிக்கொண்டவள் எதைப் பற்றியும் வாய் திறக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம். வாய் திறக்க வேண்டிய தேவையும் எனக்கு வரவில்லை. என் வாய்க்கும் சேர்த்து அவர் வாய்தான் திறந்துகொண்டே இருந்தது. என்னிடம் யார் எதைக் கேட்டாலும் அவர் பதில் சொல்வார்.

டாக்டர் என்னைப் பார்த்து, "எங்கம்மா வலிக்குது?" என்று கேட்பார். "இடுப்புல சார், காலைலதான் ஜாஸ்தி" என்பார் இவர். கல்யாணப் பந்தியில் என் இலைக்கு நேராக வரும் பாயச வாளியை, "அவளுக்கு வேணாம்ணே, இனிப்பு சேக்க மாட்டா" என்று அப்படியே அடுத்த இலைக்கு அனுப்பிவிடுவார். ஜவுளிக் கடையில் எனக்குப் பிடித்த நிறத்தை அவர் சொல்வார். அது உண்மையிலேயே எனக்குப் பிடித்த நிறமாகவும் இருக்கும். அதுதான் இன்னும் எரிச்சல். தப்பாகச் சொன்னால் திருத்தலாம். சரியாகச் சொல்கிறவரை என்ன செய்வது? பையன் படித்து முடித்துக் கோயம்புத்தூரில் வேலைக்குப் போய்ச் சேர்கிறவரை இதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினேன். வீட்டில் இரண்டே பேர் என்று ஆன பிறகு விழுங்க முடியவில்லை.

எனக்குத் தலைமையாசிரியை பதவி உயர்வு வர இருந்த சமயம். கல்வி ஆபீசில் வேலை செய்யும் தெரிந்தவர் ஒருவர், மேலூர்ப் பக்கம் ஒரு பள்ளி காலியாகிறது, டீச்சர் எடுத்துக்கொள்வார்களா என்று கேட்க எனக்குப் போன் செய்தார். நான் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வருவதற்குள் இவர் என் போனை எடுத்துவிட்டார்.

"மேலூர் வரைக்குமா? இல்ல சார், அவ போக மாட்டா. பஸ்ஸு ஒத்துக்காது அவளுக்கு" என்றார். வைத்துவிட்டார்.

நான் அவருக்குப் பின்னால்தான் நின்றேன். கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாதது உண்மைதான். இருந்தாலும் வாந்தி எடுத்துக்கொண்டே போயிருப்பேன். அந்தப் பள்ளி வேறு யாருக்கோ போனது. அடுத்த வருஷம் வாடிப்பட்டிப் பக்கம் ஒன்று கிடைத்தது என்பது வேறு கதை. அன்று எனக்கு வந்த கோபம் கத்துகிற கோபமாக இல்லை. அது சாய்ந்த வெயில் போல ஒரு பக்கமாக, நிதானமாக வந்து வீடு முழுக்க நிறைந்தது.

சாயங்காலம் டீ கொடுக்கும்போது சொன்னேன். "ஏங்க, நாம எழுதிக்கிருவோம்."

"என்னத்த எழுத?"

"யாருக்கு எதுல பாத்தியம், யாரு எதுல தலையிடக் கூடாதுன்னு. பத்திரமா எழுதிப் பதிஞ்சிருவோம். வீடு ரெண்டு பேரு பேருலயும்தான கெடக்கு."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "டைவர்ஸா?"

"அதெல்லாம் வேணாம். நீங்க பாட்டுக்கு உங்க பாதில இருங்க. நான் என் பாதில இருக்கேன்."

டம்ளரை எடுத்து மிச்ச டீயைக் குடித்தார். பிறகு, "சரி" என்றார். அவ்வளவுதான். சண்டை பிடித்திருந்தால்கூட நான் இறங்கி வந்திருப்பேன். எனக்கு அவரைப் பிடிக்காமல் போகவில்லை, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் வாய் மட்டும் எனக்குத் திரும்ப வேண்டியிருந்தது.

பத்திரப் பதிவு ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதுகிறவர் ஒருவர் இருந்தார். நாங்கள் வீடு வாங்கியபோதும் அவர்தான் எழுதினார். நாங்கள் வந்த விஷயத்தைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"டீச்சரம்மா, இந்த வாசல்ல உக்காந்து நான் எழுதாத பத்திரம் இல்ல. புருசன் பொண்டாட்டிக்கு எழுதிவச்ச செட்டில்மெண்ட் இருக்கு, உயில் இருக்கு. பாகப்பிரிவினை மட்டும் எழுதுனதில்ல. மாடல் கெடையாது."

"மாடல் இல்லாட்டி எழுத முடியாதாண்ணே?"

"எழுதலாம். அண்ணன் தம்பி பாகப்பிரிவினை ஒண்ணு கம்ப்யூட்டர்ல கெடக்கு. அதையே எடுத்து மாத்திப் போட்டுருவோம்."

அப்படித்தான் நாங்கள் அண்ணன் தம்பி ஆனோம். கிழக்குப் பாதி அவருக்கு, மேற்குப் பாதி எனக்கு. மாடிப்படி, போர்க்குழாய், பின்பக்கக் காலியிடம் பொது. நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் தட்டிக்கொண்டே வந்தார். கடைசியாக நான் கேட்ட நிபந்தனையில் அவர் கை நின்றது.

"ஒருத்தருக்குப் பதிலா இன்னொருத்தர் பதில் சொல்லக் கூடாதுன்னா, எந்தக் கேள்விக்குங்கம்மா?"

"எந்தக் கேள்விக்கும்."

பக்கத்து ஸ்டூலில் என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். எழுதுகிறவர் யோசித்துப் பார்த்து அதைப் பத்திரத் தமிழில் போட்டார்: "நம்மில் ஒருவரைக் குறித்த எவ்விஷயத்திலும் மற்றவர் யாருக்கும் பதிலோ வாக்கோ உறுதியோ அளிக்கக் கூடாது." படித்துக் காட்டியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு நாளும் என் நெஞ்சுக்குள் கிடந்தது இத்தனை சின்ன வாக்கியமா என்று இருந்தது.

அந்த அண்ணன் தம்பிப் பத்திரத்தில் 'சகோதரர்' என்று வந்த இடத்தையெல்லாம் அவர் வேட்டையாடினார். "இனி நமக்குள் சகோதர பாத்தியம் தவிர சொத்துப் பாத்தியம் இல்லை" என்பதை, "கணவன் மனைவி பாத்தியம் தவிர" என்று மாற்றினார். அந்த ஒரு சொல்லை விரட்டுவதிலேயே கண்ணாக இருந்ததால் வேறொன்று அவர் கண்ணில் படவில்லை. எங்கள் கண்ணிலும் படவில்லை. நான் எனக்கு வேண்டிய நிபந்தனையைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். கையெழுத்துப் போட்டு, ரேகை வைத்து, கேமரா முன்னால் ஆளுக்கொரு தடவை முகத்தைக் காட்டிவிட்டு, ஒரே பைக்கில் வீட்டுக்கு வந்தோம்.

கொத்தனார் வந்து ஹாலுக்கு நடுவே சுவர் எழுப்பினார். தெருவில் ஆளாளுக்கு ஒன்று பேசினார்கள். ஹால் பெரியது, மின்விசிறி ஒன்றுதான். சுவர் எழும்பியபோது விசிறி அவர் பக்கம் போய்விட்டது, அதன் சுவிட்ச் என் பக்கம் நின்றுவிட்டது. ஊருக்கெல்லாம் லைன் பார்க்கிறவர் அவர். அந்தச் சுவிட்சைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அவர் மாற்றவில்லை. மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுக்கும்போது சுவரில் விரல் மடக்கி இரண்டு தட்டுத் தட்டுவார். நான் எழுந்து போய்ச் சுவிட்சைப் போடுவேன். சுவருக்கு அந்தப் பக்கம் விசிறி முனகிக்கொண்டே சுற்ற ஆரம்பிக்கும். அந்தச் சத்தத்தில் இந்தப் பக்கம் நானும் தூங்கிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளும் லீவு நாட்களும் அப்படித்தான் போயின. என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல தூக்கம் அதற்கு முன்னால் நான் தூங்கியதில்லை.

சுவரின் சிமெண்ட் காய்ந்து முடிந்த ஒரு நாள், பின்வாசல் படியில் உட்கார்ந்து பத்திரத்தை முதல் தடவையாக முழுசாகப் படித்தேன். அவர் காலியிடத்தில் பைக் துடைத்துக்கொண்டிருந்தார். பொதுச் சொத்து விவரத்தில், போருக்கும் மாடிப்படிக்கும் கீழே ஒரு வரி கிடந்தது. சத்தமாகப் படித்தேன்.

"தெற்கு எல்லையில் உள்ள கொடுக்காப்புளி மரத்தையும் அதன் பலன்களையும் இருவரும் சரிபாதியாக அனுபவித்துக்கொள்ள வேண்டியது. ஒருவர் சம்மதமின்றி மற்றவர் வெட்டவோ விற்கவோ கூடாது."

அவர் நிமிர்ந்து தெற்கே பார்த்தார். நானும் பார்த்தேன். சுவர் இருந்தது. சுவரின் மேல் ஒரு ஓணான் இருந்தது.

"எந்த மரம்?" என்றார்.

"அண்ணன் தம்பி மரம்" என்றேன்.

எந்த ஊரிலோ இரண்டு சகோதரர்கள் சண்டை போட்டுப் பங்கு வைத்த மரம், வேர் மண்ணோடு எங்கள் பத்திரத்துக்குள் வந்துவிட்டது. எழுதியவரிடம் போய்ச் சொன்னபோது அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிழை திருத்தல் பத்திரம் ஒன்று போட வேண்டும், இருவரும் வர வேண்டும், அவசரமில்லை என்றார். நாங்களும் அவசரப்படவில்லை.

ஒப்பந்தம் எழுதிய நாளிலிருந்து அவர் என்னை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டார். அதுவரை, "ஏய், இந்தா" என்றிருந்தவள் 'டீச்சர்' ஆகிவிட்டேன். கிண்டலா மரியாதையா என்று கண்டுபிடிக்க முடியாத குரலில் கூப்பிடுவார். பேசத்தான் எதுவுமில்லை. எதைப் பேசினாலும் அது என் பாதியிலோ அவர் பாதியிலோ போய் விழுந்துவிடும், நிபந்தனை இடிக்கும். மாடிப்படியில் எதிர்ப்பட்டால் இரண்டு பேரும் ஒதுங்கி வழி விட்டுக்கொண்டு நிற்போம்.

பங்குனி வெயிலில் ஒரு நாள் மொட்டைமாடியில் வற்றல் காயப்போட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். அவர் கீழே நின்று, "டீச்சர், நம்ம மரத்துக்குக் கிளி வந்துச்சே, பாத்தீங்களா?" என்றார்.

எனக்கு முதலில் சுருக்கென்றது. கேலி பண்ணுகிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் கேலி இல்லை. பரீட்சை ஹாலில் பக்கத்துப் பையனிடம் ரப்பர் கேட்கிறவனைப் போல நின்றார்.

"பாத்தேன். என் பாதிலதான் உக்காந்துச்சு" என்றேன்.

"அப்படியா. எம்புட்டுக் கிளி?"

"நீங்க ஏறி எண்ணிப் பாருங்க. கம்பம் ஏறுனவருதான?"

அவர் சிரித்தார். நான் சிரிக்காமல் உள்ளே போய் அடுப்படியில் நின்றுகொண்டு சிரித்தேன்.

அதற்குப் பிறகு மரம் எங்களுக்குப் பேச இடம் கொடுத்தது. அது பொதுச் சொத்து, அதைப் பற்றிப் பேசினால் யாரும் யார் பாதியிலும் நுழைந்ததாக ஆகாது. "நேத்துக் காத்துல காய் கொட்டிருச்சு போல" என்பார். "பொறுக்கி வச்சுட்டேன், உங்க பங்கு படியில இருக்கு" என்பேன். படியில் எதுவும் இருக்காது. அவர் குனிந்து எடுத்துக்கொண்டு போவார். பரவை மார்க்கெட்டில் கொடுக்காப்புளியைக் கூறு கட்டி விற்கிற பருவம் வந்தால், "வெளில வாங்காதீங்க டீச்சர், வீட்டுல மரத்த வச்சுக்கிட்டு" என்பார். சொல்லிவிட்டு அவரே வாங்கி வந்து பாதியைப் பின்வாசல் படியில் வைத்திருப்பார். முறுக்கிக்கொண்ட காய்கள், உள்ளே வெள்ளையும் ரோஸுமாகச் சதை. ஒன்றிரண்டு தின்றாலே தொண்டையைப் பிடிக்கும். அந்தத் துவர்ப்போடு தண்ணீர் குடித்தால் தண்ணீரே இனிக்கும்.

ஒரு தடவை, "மேக்கால போற கெளை சுவத்துல உரசுது. வெட்டலாமா? உங்க சம்மதம் வேணும்" என்றார்.

நான் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். அவர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு பேசாமல் நின்றார். அடுத்த வீட்டில் குக்கர் விசில் அடித்தது, திண்டுக்கல் ரோட்டில் லாரிகள் போயின, அவர் அப்படியே நின்றார். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு அதன் பதிலுக்காக அவர் காத்திருந்தது அதுதான் முதல் முறை.

"வேணாம், இருக்கட்டும்" என்றேன்.

"சரி" என்று போய்விட்டார். ஒரு இல்லாத மரத்தின் இல்லாத கிளை அன்று தப்பித்தது. எனக்கு உள்ளே ஏதோ நிரம்பினாற்போல இருந்தது, ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்ததுபோல.

மதியத் தூக்கத்தில் அந்த மரம் வர ஆரம்பித்தது. அதன் அடியில் நான் நிற்பேன், அடிமரத்துக்கு அந்தப் பக்கம் அவர் இருப்பது தெரியும், முகம் தெரியாது. இலைகள் சின்னச் சின்னதாக உதிர்ந்துகொண்டே இருக்கும், தரையில் விழாது. யாரோ என்னிடம் ஏதோ கேட்பார்கள். கேள்வி என்னவென்று விளங்குவதற்குள் விழித்துவிடுவேன். விழித்தால் சுவருக்கு அந்தப் பக்கம் விசிறி சுற்றும் சத்தம், வாயில் துவர்ப்பு. எது அந்தப் பக்கம் எது இந்தப் பக்கம் என்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆகும். அப்படியே படுத்திருப்பேன். எழுந்துகொள்ள மனசு வராது.

இப்படியே போயிருந்தால் எழுத ஒன்றுமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுப் பாயில் சாய்ந்து, சுவரில் விழும் தட்டுக்காகக் காத்திருந்தேன். தட்டு வரவில்லை. அந்தப் பக்கம் விசிறி தானாகச் சுற்ற ஆரம்பித்தது.

எழுந்து போய் என் பக்கத்துச் சுவிட்சைப் போட்டேன், அணைத்தேன். விசிறி பாட்டுக்குச் சுற்றியது. காலையில் நான் மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரத்தில் அவர் வயரை மாற்றித் தன் பக்கம் சுவிட்ச் வைத்துக்கொண்டிருக்கிறார். அவர் கிளம்பப் போகிறார் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

மறுநாள் மாடிப்படியில் நின்றுகொண்டு சொன்னார். "டீச்சர், ஒரு விசயம். ரிட்டயர்மெண்ட் வருதுல்ல. இங்க இருந்து என்ன செய்யப் போறேன்? ஊர்ல தம்பி வயலுக்குப் பக்கத்துல எடம் கெடக்கு, ஒரு ரூம்பு போட்டு இருந்துக்கிருவேன். என் பாதிய மாவு மில்லுக்காரரு வெலைக்குக் கேக்குறாரு."

அவர் ஊர் மேலூருக்கு அந்தப் பக்கம். எனக்கு ஒத்துக்கொள்ளாத அதே மேலூர் பஸ்ஸில் இவர் ஏறிப் போகப் போகிறார். அது வாய் வரை வந்தது, விழுங்கினேன்.

"உங்களைக் கேக்காம முடிவு எடுத்துட்டேன்னு நெனைக்காதீங்க. என் பாதியப் பத்தி மட்டுந்தான் எடுத்திருக்கேன்" என்றார். அதையும் பத்திரத்தின்படியே பேசினார்.

"உங்க பாதி, உங்க இஷ்டம்" என்றேன். எழுதிக்கொண்டதும் அதுதானே.

அவர் உடனே போகவில்லை. படியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு, "ஒண்ணுதான். அவரு வக்கீல் பத்திரத்தப் படிச்சுட்டு, மரம் பொதுவுல கெடக்கே, பின்னால வில்லங்கமாயிரும்ங்கிறாரு. அந்தப் பிழை திருத்தலப் போட்டுட்டா ஆச்சு. நீங்களும் வரணும்" என்றார்.

"வாரேன்" என்றேன்.

அந்த வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் எதுவும் ஓடவில்லை. போகாதீங்க என்று சொல்ல என்ன தடை? பத்திரமே தடை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அவர் தன் வாயால் ஒரு தடவை கேட்க வேண்டும், 'நான் போகட்டுமா' என்று. மரக் கிளையைக் கேட்டதுபோல. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவரோ பத்திரம் கிழித்த கோட்டைத் தாண்டுவதில்லை என்று இருந்தார். அந்தக் கோட்டைக் கிழித்தது நான். மதியத்தில் பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தால் சுவரில் வெயில்தான் அடித்தது.

பதிவு ஆபீஸுக்கு அவர் பைக்கில் போனார், நான் பஸ்ஸில் போனேன். மாவு மில்லுக்காரர் வெள்ளை வேட்டியில் வாசலிலேயே நின்று கும்பிட்டார். எழுதுகிறவர் எல்லாவற்றையும் தட்டி வைத்திருந்தார். "ஒரே பக்கம்தான் டீச்சரம்மா. இல்லாத மரத்தத் தூக்கிட்டோம்னா சோலி முடிஞ்சுச்சு." உள்ளே கூட்டம். ஒரு புதுக் கல்யாண ஜோடி கிரயத்துக்கு வந்திருந்தது. அந்தப் பெண்ணிடம் ஆபீஸர் ஏதோ கேட்க, பையன் முந்திக்கொண்டு பதில் சொன்னான். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எங்கள் முறை வந்தது. ஆபீஸர் எங்கள் பையன் வயசுப் பெண். முகத்தில் களைப்பு. காகிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"தெற்கு எல்லையில கொடுக்காப்புளி மரம்னு தவறுதலா எழுதிட்டதாச் சொல்லிருக்கீங்க. அந்த மாதிரி மரம் எதுவும் அங்க இல்ல, சரிதானாம்மா?"

கேள்வி என்னிடம்தான் வந்தது. பக்கத்தில் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். எத்தனை வருஷத்துப் பழக்கம், உதடு பிரிந்துவிட்டது. 'இல்ல மேடம்' என்று அவர் சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். நான் தலையை ஆட்டியிருப்பேன், கையெழுத்துப் போட்டிருப்பேன், அவர் போயிருப்பார். ஆனால் அவர் உதட்டை மூடிக்கொண்டார். கையைக் கட்டிக்கொண்டு, மேஜையைப் பார்த்தபடி, என் பதிலுக்காக நின்றார்.

கனவில் யாரோ கேட்கிற கேள்வி இதுதானோ என்று ஒரு நொடி தோன்றியது.

"இருக்கு மேடம்" என்றேன்.

எழுதுகிறவர் பின்னாலிருந்து, "டீச்சரம்மா" என்று இழுத்தார். ஆபீஸர் காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மரம் இருக்கா?"

"இருக்கு. ரெண்டு பேருக்கும் பொதுவுல இருக்கு. என் சம்மதம் இல்லாம அத எடுக்க முடியாது."

என் குரல் எனக்கே தெளிவாகக் கேட்டது. ஆபீஸர் அவர் பக்கம் திரும்பினார். "சார், நீங்க சொல்லுங்க. மரம் இருக்கா இல்லையா?"

அவருக்காகப் பதில் சொல்லிவிட என் நாக்குத் துடித்தது. அப்போதுதான் தெரிந்தது, அது எப்பேர்ப்பட்ட துடிப்பு என்று. நான் வாயை இறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தேன். வாசலில் யாரோ டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள்.

"இருக்கு மேடம்" என்றார் அவர். கொஞ்சம் நிறுத்தி, "இந்த வருசம் காய்ப்பு கம்மி" என்றார்.

ஆபீஸர் காகிதத்தை மேஜையின் ஓரத்துக்குத் தள்ளினார். "மரம் இருக்குன்னா இதுல பிழையே இல்லையே. அடுத்த பார்ட்டிய வரச் சொல்லுங்க." எழுதுகிறவர் வெளியே வந்தும் எங்களோடு பேசவில்லை. மாவு மில்லுக்காரர் வக்கீலுக்குப் போன் போட்டுக்கொண்டே ரோட்டுக்குப் போனார். நாங்கள் புங்க மர நிழலில் பைக்கின் பக்கத்தில் நின்றோம். அவர் பைக்கை ஸ்டார்ட் பண்ணிவிட்டு முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏறுங்க என்று சொல்லவில்லை, அது என் விஷயம். நான் ஏறிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அவரவர் கதவைத் திறந்துகொண்டு அவரவர் பாதிக்குள் போனோம். மிச்சமிருந்த புளிச்சாற்றை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் பாயை விரித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் படுக்கிற சத்தம் கேட்டது. அவருடைய விசிறிக்கு இப்போது அவர் பக்கமே சுவிட்ச் இருக்கிறது. கையை நீட்டினால் எட்டும்.

சுவரில் இரண்டு தட்டு விழுந்தது.

என் பக்கத்துச் சுவிட்ச் இனி எதையும் சுற்ற வைக்காது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எழுந்து போய் அதைப் போட்டேன். அந்தப் பக்கம் விசிறி சுற்ற ஆரம்பித்தது.